மலேரியா வந்தால் எச்.ஐ.வி. ஏன் பெருகுகிறது?

கொசு கடித்தால் எச்.ஐ.வி. வருமா? விழிப்புணர்வுக் கூட்டம் எங்கே நடந்தாலும் யாராவது கேட்டுவிடுவார்கள். வராது. ரத்தத்தோடு உள்ளே போகும் வைரஸ் கொசுவின் வயிற்றிலேயே செரித்துவிடும். அடுத்தவரைக் கடிக்கையில் கொசு இறக்குவது எச்சிலை மட்டுமே. ஆனால் ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ளவருக்கு மலேரியாக் கொசு வேறு வழியில் கேடு செய்கிறது.

மலேரியா ஒட்டுண்ணி புகுவது சிவப்பணுவுக்குள். எச்.ஐ.வி. தேடுவது சிடி4 வெள்ளணுக்களை. பிறகு எப்படி ஒன்று மற்றொன்றுக்குக் கைகொடுக்கும்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள், மனித ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பு அணுக்களில் எச்.ஐ.வி.யை வளர்த்து, பால்சிபாரம் வகை மலேரியா ஒட்டுண்ணியின் புரதங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். வைரஸ் பெருக்கம் கூடியது. 1998இல் முடிவு வெளியானது. காய்ச்சலைக் கிளப்பும் டி.என்.எஃப். ஆல்பா என்ற சுரப்பே காரணம். அது அணுக்களைத் தட்டி எழுப்பும். உறங்கும் அணுவைவிட விழித்த அணுவில்தான் எச்.ஐ.வி. வேகமாகப் பெருகும். உடம்பின் காவலே வைரசுக்கு வசதியாகிவிடுவதுதான் கொடுமை.

இன்னொரு வழியும் உண்டு. ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று மிச்சம் வைக்கும் கறுப்பு நிறமியின் பெயர் ஹீமோசோயின். 1897இல் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்டு ராஸ், கொசுவின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியை இனங்கண்டது இந்தக் கறுப்புத் துகள்களை வைத்துத்தான். அந்தத் துகள்களை விழுங்கிய மோனோசைட் வெள்ளணுக்களிலிருந்து வளரும் டென்ட்ரைட்டிக் என்ற எதிர்ப்பு அணுக்கள், சிடி4 அணுக்களுக்கு எச்.ஐ.வி.யைக் கூடுதலாகக் கடத்துவதை 2010இல் கனடாவின் லாவல் பல்கலைக்கழகம் காட்டியது.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதெல்லாம் உடம்பில் நடந்துவிடாது. ஆனால் மலாவி நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2005இல் அதையே சொன்னது: மலேரியாவின்போது வைரஸ் அளவு ஏறத்தாழ இரு மடங்கானது, சிகிச்சைக்குப்பின் சுமார் இரண்டு மாதத்தில் இறங்கியது.

தமிழகத்தில் மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது. என்றாலும் நகரத்து மலேரியாக் கொசுவான அனாபிலஸ் ஸ்டெபன்சிக்கு மதுரை வில்லாபுரத்து மொட்டைமாடியில் மூடாத ஒரு தண்ணீர்த் தொட்டி போதும். பால்சிபாரம் மிகுந்த ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம் லாரியில் போய் வருகிறவர்களும் உண்டு. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சாப்பிடுகிறவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தால், ‘அந்த நோயால்தான்’ என்று விட்டுவிடாமல் அன்றே விரல் நுனியில் குத்தி ரத்தத் தடவல் பார்க்க வேண்டும்; அரசு மருத்துவமனைகளில் இலவசம். கூட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. எந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்: எஃபாவிரென்ஸ் போன்றவை, ரத்தத்தில் ஆர்டிமெதர் என்ற மலேரியா மருந்தின் அளவைக் குறைத்துவிடும்.