கானைப் பார்த்தீர்களா?

யட்டியாந்தோட்டைப் பக்கம் விடுமுறை பங்களாவுக்குக் காணி தேடுகிறவர்கள் பெரும்பாலும் தை, மாசியில்தான் வருகிறார்கள். வானம் வெளுத்திருக்கும். அட்டை குறைவு. களனி கங்கை பாறை தெரிய ஓடும். தரகர் மேட்டில் ஏற்றி நிறுத்தி, "வியூவைப் பாருங்க சேர்" என்பார். விலை அங்கேயே படிந்துவிடும்.

வைகாசியில் வரவேண்டும். தென்மேல் பருவமழை இறங்கி மூன்றாம் நாள், குடையோடு.

அப்படித்தான் ஒரு காணிக்குப் போனேன். கூட வந்தவர் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிய பெரியவர். வியூவை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "கான் எங்க தம்பி?" என்றார். தோட்டக் காலத்தில் சரிவின் குறுக்கே வெட்டிய கான் இலையும் மண்ணும் நிறைந்து தூர்ந்து கிடந்தது. வழிந்தோட வேண்டிய தண்ணீரை மலையே குடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கீழே ரப்பர் மரங்கள் அடியில் சாய்ந்து அரிவாள் மாதிரி வளைந்து, மேலே நிமிர்ந்திருந்தன. மண் பல வருஷமாக மெல்ல நகர, மரம் தன்னை நிமிர்த்திக்கொண்டே வளர்ந்தால் இப்படித்தான் ஆகும். இன்னொரு இடத்தில் விரல் நுழையும் வெடிப்பு. அதன் கீழே கலங்கலாக ஓர் ஊற்று. "போன வருஷம் இது இல்ல" என்றார்.

எல்லாம் மண்சரிவின் அறிகுறிகள். 2016 மே 17 இங்கே யாருக்கும் மறக்காது. அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டும் காணாமலும் போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தில் தொழிலாளர் லயத்தை மண் மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். இந்தக் கேகாலை மாவட்டத்தில் வீடு கட்ட அந்த நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் வேண்டும். அதைக் கடைசியில் வாங்கும் கடதாசியாக நினைக்கிறார்கள். வரைபடத்துக்கு முன்னால் வாங்க வேண்டியது அது.

தாங்குசுவரும் நல்ல வடிகாலும் இருந்தால் பல சரிவுகளில் கட்டலாம் என்று பொறியியலாளர்கள் சொல்வார்கள். சுற்றுலாவால் பொடியன்களுக்கு வேலை கிடைக்கிறது என்பதும் உண்மைதான். சரி.

என் கவலை பங்களாவைப் பற்றியது அல்ல. வாரக் கடைசியில் வருகிறவர் மழை பலத்தால் காரை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விடுவார். காருக்குப் பாதை வெட்டுவது, நீச்சல் குளத்துக்குக் குழி தோண்டுவது, மலசலகூடக் குழித் தண்ணீர் மண்ணில் ஊறுவது எல்லாம் மேலே நடக்கும். கீழே இருப்பது லயம்.

அன்றைக்குத் தரகர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். குளம் நீலத்தில். கார் நிறுத்தம் சாம்பலில். பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "தோண்டுற மண்ண எங்க கொட்டுவீங்க?" என்று கேட்டார். தரகர் மழைக்கு நடுவே கையை நீட்டிச் சரிவைக் காட்டினார். அந்தக் கைக்கு நேர் கீழே, கல் வைத்த தகரக் கூரைகளில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.