நான்கு கட்டங்களும் ஒரு கட்டிலும்

பேறுகாலம் – 9

வலி எடுத்துவிட்டது. உடனே கிளம்புவதா, கொஞ்சம் பொறுப்பதா? தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்குள் ஜிஎஸ்டி சாலையும் அடங்கும். பொங்கல் விடுமுறை முடிந்து ஊரே திரும்பும் நாளில் கூடுவாஞ்சேரியிலிருந்து குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கு வருவதும், சாதாரண நாள் விடிகாலையில் வருவதும் ஒன்றல்ல. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நவம்பர், டிசம்பரில் நாள் குறித்திருந்தால் மழையையும் கணக்கில் வைக்க வேண்டும். 2015-இல் அடையாறு அங்கே எந்தத் தெருவையும் விட்டுவைக்கவில்லை.

இந்தப் பயத்தாலேயே பலர் முதல் வலிக்கே ஓடிவந்து படுத்துவிடுகிறார்கள். பிரசவத்தின் கட்டங்களைத் தெரிந்துகொண்டால் எப்போது கிளம்பலாம், போனபின் எப்படி இருக்கலாம் என்பதெல்லாம் தானாகத் தெளியும்.

முதல் கட்டம், கர்ப்பப்பையின் வாய் 10 செ.மீ. வரை திறக்கும் காலம். இதிலேயே இரண்டு பகுதிகள் உண்டு. தொடக்கத்தில் வலி விட்டுவிட்டு வரும். தலைப்பிரசவத்தில் இது பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் நீளும். சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பார்க்க வீடுகளில் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். அதைவிட நல்ல அளவுகோல் கடிகாரம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம். தொலைவும் மழையும் இருந்தால் அதற்கு முன்பே. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, 37 வாரம் நிறையாவிட்டாலோ, முந்தைய பிரசவம் சிசேரியன் என்றாலோ, ரத்த அழுத்தம் இருந்தாலோ கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

5 செ.மீ. திறந்த பிறகே வேகமான பகுதி தொடங்குகிறது என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. மணிக்கு 1 செ.மீ. திறந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, அதை மட்டும் வைத்து வலியைத் தூண்டவோ அறுவைக்கு எடுக்கவோ கூடாது என்றும் சொன்னது. இந்தப் பகுதி தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டாது.

இந்த நேரத்தில் மல்லாந்து படுப்பதுதான் அதிகத் தொல்லை. கனத்த கர்ப்பப்பை முதுகை ஒட்டிய பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும். குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையலாம். நடக்கலாம், சுவரில் கையூன்றிச் சாயலாம், நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அதன் முதுகைக் கட்டிக்கொள்ளலாம். வலி முதுகில் இறங்கினால் முட்டி போட்டுக் கைகளை ஊன்றி இருப்பது இதம் தரும். நிமிர்ந்தும் நடந்தும் இருந்தவர்களுக்கு முதல் கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது.

இரண்டாம் கட்டம் முக்கிப் பெறும் நேரம். தலைப்பிரசவத்தில் 3 மணி நேரம் வரை, அடுத்தவற்றில் 2 மணி நேரம் வரை ஆகலாம். பல ஊர்களில் நம் பாட்டிமார் கயிற்றைப் பிடித்துக் குந்தியபடியே பெற்றார்கள். குந்தும்போது இடுப்பெலும்பின் வாசல் சற்று விரிகிறது. அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. ரத்தப்போக்கிலும் ஜன்னியிலும் போன உயிர்கள் ஏராளம். இன்று தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் என்கிறது 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் மட்டும் 63.8. உயிர் காக்க வந்த கட்டில் பெண்ணை அசையவிடாமல் கட்டிப்போடவும் செய்தது. மல்லாந்து படுத்தால் பரிசோதிப்பவருக்கு வசதி. ஒரே நர்ஸ் பல பேரைப் பார்க்கும் அறையில் அந்த வசதி மெல்ல விதியாகிவிட்டது.

எல்லோருக்கும் ஏற்ற ஒரே நிலை என்று எதுவும் கிடையாது. நிமிர்ந்த நிலையில் தையல் போடும் வெட்டும் ஆயுதப் பிரசவமும் குறைகின்றன. ரத்தப்போக்கு சற்றுக் கூடும் வாய்ப்பும் உண்டு. முதுகில் வலிநிவாரண ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கதையே வேறு. 2017-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அப்படி ஊசி போட்டுக்கொண்ட தலைப்பிரசவப் பெண்களில் ஒருக்களித்துப் படுத்தவர்களில் 41 சதவீதம் பேருக்கும், நிமிர்ந்திருந்தவர்களில் 35 சதவீதம் பேருக்கும் ஆயுதமின்றிப் பிரசவமானது.

மூன்றாம் கட்டத்தில் நஞ்சுக்கொடி வெளியேறும், பெரும்பாலும் அரை மணிக்குள். ரத்தப்போக்கைத் தடுக்க குழந்தை பிறந்தவுடன் ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள், அதை மறுக்காதீர்கள். நான்காவது, அதற்கடுத்த இரண்டு மணி நேரம். ரத்தப்போக்கைக் கவனிக்க வேண்டிய நேரமும் இதுதான், முதல் தாய்ப்பால் கொடுக்க வேண்டிய நேரமும் இதுதான்.

இதையெல்லாம் வலியின் நடுவில் பேசிப் புரியவைக்க முடியாது. 36-வது வாரப் பரிசோதனையிலேயே கேட்டுவிடுங்கள்: வலி நேரத்தில் நடக்க விடுவீர்களா? குழந்தையின் இதயத்துடிப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் போதுமா? முக்கும்போது ஒருக்களித்துப் படுக்கலாமா? குறுகிய பிரசவ மேசையிலும் சாத்தியமானது ஒருக்களித்த நிலை. குந்த இடமில்லை என்பார்கள்; இதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது.

துணைக்கு யார் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். உறவுப் பெண் ஒருவர் பிரசவ அறையில் உடன் இருக்க, 2004-லேயே தமிழக அரசு மருத்துவமனைகளில் வழி செய்யப்பட்டது. அம்மாவோ மாமியாரோ அக்காவோ, வருபவருக்கு வேலை உண்டு: இடுப்பை அழுத்தித் தேய்ப்பது, தண்ணீர் கொடுப்பது, அரை மணிக்கொரு தரம் நிலை மாற உதவுவது. கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன்பே ‘முக்கு, முக்கு’ என்று அவசரப்படுத்தக் கூடாது என்பதையும் அவருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

(அடுத்த வாரம்: முதல் பிரசவம் சிசேரியன் என்றால், இரண்டாவது?)