விளையாட்டுச் செயலியும் கடைக் கல்லாவும்

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வேங்கிக்கால் கடைக்காரர்களுக்குத் தலைநிமிர நேரமிராது. அந்த நேரம் பார்த்துக் கடை செல்போன் பிள்ளைகள் கைக்கு விளையாடப் போய்விடுகிறது. கூகுள் பே, போன்பே வரவும் அதே போனில்தான்.

2020 செப்டம்பரில் பப்ஜி உட்பட 118 செயலிகளையும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் உட்பட 54 செயலிகளையும் மத்திய அரசு தடை செய்தது. பிளே ஸ்டோரில் கிடைக்காததைப் பிள்ளைகள் டெலிகிராம், வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பாகத் தேடுகிறார்கள். 'டைமண்ட் இலவசம்' என்றிருந்தால் விடுவார்களா? இப்படி வரும் போலிக் கோப்பு, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். துப்பாக்கி விளையாட்டுக்கு நம் எஸ்எம்எஸ் எதற்கு? அனுமதி கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபியைத் திருடனும் படித்துவிடுவான்.

பரிசு தருவதாகக் கூறி ஜிமெயில், பேஸ்புக் கடவுச்சொல்லைக் கேட்கும் போலிப் பக்கங்களும் உண்டு. அதைக் கொடுத்தால் பிள்ளையின் விளையாட்டுக் கணக்கு போகும். அது நம் ஜிமெயிலாக இருந்தால், அதில் வரும் வியாபாரக் கடிதங்களும் அவன் கையில்.

ஆகவே பிள்ளைக்குத் தனி ஜிமெயில் போட்டு, வங்கி எண் சிம் இல்லாத பழைய போனைக் கொடுங்கள். இரண்டு ஜிமெயிலுக்கும் இரு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். தவறு நடந்தால் பிள்ளையை அடிக்க வேண்டாம். பயந்து மறைப்பான், நேரம் போய்விடும். பணம் போனது தெரிந்தவுடன் அந்தப் போனின் இணையத்தைத் துண்டித்து, வேறு போனிலிருந்து வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் சொல்லுங்கள்.