மீண்டும் ஸைக்கிள் ஏறுவோர்க்கு

நாற்பதைக் கடந்தபின் கால் முறிந்து பல வாரம் படுத்திருந்தவரிடம் டாக்டர், "இனி ஸைக்கிள் விடலாம்" என்று சொன்ன மாத்திரத்தில், பழைய வேகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆனால், எலும்பு கூடியதாலேயே கால் தேறிவிட்டதென்று எண்ணலாகாது. அசையாதிருந்த தொடைத் தசை சில வாரங்களிலேயே மெலிந்துபோகிறது. மறுபடி வலுவடையவோ பல மாதங்கள் பிடிக்கும். முழங்காலைத் தாங்குவது அத்தசையல்லவா?

உடற்பாரத்தின் பெரும்பகுதியை ஆசனமே ஏற்பதால், இதற்கு ஸைக்கிள் நல்ல துணை. மிதி அடியில் நிற்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும் உயரத்தில் ஆசனம் அமைய வேண்டும். அழுத்தி மிதிப்பதைவிட இலேசாகப் பலமுறை மிதிப்பது மேல்.

நமது கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு வசதியுண்டு. தேனியிலிருந்து வீரபாண்டிக்குச் சுமார் 8 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. முதலில் பாதி தூரம் போய்த் திரும்பினாலே போதும். ஆடி மாதத்தில் கூடலூர்ப் பக்கமிருந்து காற்று எதிர்த்து வீசும். புறப்படும்போது அதை எதிர்த்துச் சென்றால், களைத்துத் திரும்புகையில் அதுவே முதுகைத் தள்ளிவிடும். குமுளி மலையேற்றம் காத்திருக்கட்டும்.

மறுநாட் காலையில் வீக்கமோ வலியோ மிஞ்சியிருந்தால் தூரத்தைக் குறைக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வாரத்திற்கு 150 நிமிஷமாவது மிதமான தேகாப்பியாஸம் வேண்டுமென்றது. தசைகளை வலுவாக்கும் பயிற்சியையும் இரு நாட்கள் சேர்க்கச் சொன்னது. அந்த அளவைப் படிப்படியாக எட்டினாற் போதும். இளைஞரோடு பந்தயமிடுவதா முக்கியம்? எழுபதிலும் பிறர் தோளைப் பற்றாமல் நடப்பதன்றோ!