சென்னையில் பிறந்த காருக்குப் பெங்களூரில் புது வர்ணம்

கிருஷ்ணராஜபுரம் டீசல் ஷெட்டில் பணிபுரியும் நமது நண்பர் ஒருவர், மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும் கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. மொய் மட்டும் யார் கையிலாவது வந்து சேரும். காரணம் கேட்டால், "வீட்ல வண்டி கெடக்குது தம்பி" என்பார். ஏதோ பழைய ஸ்கூட்டர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். போய்ப் பார்த்தால், வீட்டை ஒட்டி சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகைக்குள் முழுசாக ஒரு மோட்டார் கார் நிற்கிறது. அதுவும் கூரை இல்லாத திறந்த கார்! 1965-ம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்பர் பலகையில், கர்நாடகம் இன்னும் மைசூர் மாநிலமாக இருந்த காலத்து எழுத்துகள்.

ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு இந்தக் காரை நினைவிருக்கும். அந்த நாளில் நம் நாட்டுச் சாலைகளில் மூன்றே கார்கள்தான் அதிகம் ஓடின. அம்பாசடர் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் தயாரானது. பியட், பம்பாய் குர்லாவில். ஹெரால்டு மட்டும் நம்ம ஊர்ச் சரக்கு. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே பெயர் மாறி வந்தது. உருவம் வரைந்து கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர்.

நண்பரின் தகப்பனார் அந்தத் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் வேலை பார்த்தவர். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டார்கள். அது போகவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. வேலை போன வீட்டில் மூத்த பையன் என்ன செய்வான்? தகப்பனாரிடம் கற்ற கைத்தொழிலோடு பெங்களூருக்கு ரயில் ஏறி, ஒரு கார் பட்டறையில் ஸ்பிரே பெயிண்டராகச் சேர்ந்துவிட்டார். அவர் அனுப்பிய பணத்தில்தான் தம்பி ஐ.டி.ஐ. படித்து ரயில்வேக்கு வந்தது. அந்தத் தம்பிதான் நம் நண்பர். அண்ணனும் இப்போது அவருடனேயே இருக்கிறார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

"இந்த வண்டிக்கு உங்க அப்பாதான் பெயிண்ட் அடிச்சிருப்பாரா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? அடிச்சிருக்கலாம். அதுக்காக வாங்கல. வெலை குறைவா கெடச்சுது, வாங்கினேன்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

காந்தத்தை வைத்துப் பாருங்கள்

வாங்கும்போது வண்டி பார்க்க நன்றாகவே இருந்ததாம். பளபள என்று சிவப்பு. நண்பர் வீட்டுக்குக் கொண்டுவந்து, ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை எடுத்து ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்திருக்கிறார். பானெட்டில் ஒட்டியது. கதவின் மேல் பாதியில் ஒட்டியது. கதவின் கீழ்ப் பாதியில் ஒட்டவில்லை. பின்பக்கச் சக்கரத்துக்கு மேலேயும் ஒட்டவில்லை. தகடு இருக்கவேண்டிய இடத்தில் விரல் கனத்துக்குப் பட்டி!

பட்டி என்பது தகட்டில் விழுந்த சின்னப் பள்ளத்தை நிரப்புவதற்கு. துருவை மூடி மறைப்பதற்கு அல்ல. உள்ளே ஈரம் புகுந்தால் பட்டிக்கு அடியில் துரு தின்றுகொண்டே போகும். வெளியே பெயிண்ட் சிரித்துக்கொண்டிருக்கும். கடன் வாங்கிப் பழைய கார் வாங்க நினைக்கும் குமாஸ்தா நண்பர்கள் இந்தக் காந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. காசு செலவில்லாத பரீட்சை.

ஹெரால்டு காரில் ஒரு விசேஷம். மற்ற கார்களைப்போல் உடம்பு முழுவதும் ஒரே கூடாக இருக்காது. கீழே தனியாக இரும்புச் சட்டம். அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இதற்கு ஒரு கதை உண்டு. கார் உடம்பு செய்துகொடுத்த கம்பெனி இங்கிலாந்தில் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆகவே சின்னச் சின்னப் பாகங்களாகப் பல இடத்தில் செய்துவாங்கி, கடைசியில் கோத்துவிடும்படி வண்டியையே அமைத்தார்கள். கூரைகூட போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றி எடுத்தால் திறந்த கார். இங்கிலாந்தில் 1960-லேயே கித்தான் கூரை போட்ட திறந்த ஹெரால்டு விற்பனைக்கு வந்தது. நம் நாட்டிலும் பல பேர் வாங்கிய வண்டியின் கூரையைக் கழற்றி ஆசை தீர்த்துக்கொண்டார்கள். நம் நண்பரின் வண்டியும் அந்த ஜாதி. முன்பக்கம் இரண்டு மட்காடும் பானெட்டும் சேர்ந்து ஒரே மூடியாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். என்ஜினுக்குப் பக்கத்தில் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே ரிப்பேர் செய்யலாம். 948 சி.சி. என்ஜின் என்பதால் உட்காரவும் நிறைய இடம்.

கதவு இடுக்கு

துரு பிடித்த இடங்களை வெட்டி எடுத்தபோது, சட்டத்தில் இருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், டிக்கித் தளம், கதவின் அடிப்பகுதி எல்லாம் போயிருந்தன. திறந்த காரில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. கூரை இருந்தால் அதுவும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். கூரை இல்லாதபோது பாரம் முழுவதும் கீழேதான். அடியில் பலம் இல்லாமல் உடம்பைத் தூக்கினால் நடுவில் தொய்ந்துவிடும்; பிறகு ஆயுசுக்கும் கதவு சேராது.

நண்பர் இதற்குச் செய்த வேலையை நான் அரைநாள் உட்கார்ந்து பார்த்தேன். கதவு வாசலின் குறுக்கே முன்னும் பின்னும் இரும்புக் கோணத்தை வைத்து வெல்டிங் செய்து, வாசல் அசையாதபடி கட்டிப்போட்ட பிறகுதான் உடம்பைச் சட்டத்தில் இருந்து தூக்கினார். மரக்கட்டை, இரண்டு ஜாக்கி, ஷெட் தோழர்கள் ஆறு பேர். மதியம் பிரியாணி. புதுத் தகட்டை ஒரேயடியாக வெல்டிங் ஓட்டவில்லை. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் ஈரத்துணி. மெல்லிய தகடு சூட்டில் அப்பளம் மாதிரி வளைந்துவிடுமாம். ஒரு கதவின் அடிப்பகுதிக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று, ஒரே கனமுள்ள அட்டைத் துண்டை நுழைத்து நுழைத்துப் பார்த்தார்.

உதிரிபாகங்களுக்கு ஜே.சி. ரோட்டில் அலைந்தார். சிவாஜிநகர் பழைய இரும்புக்கடைகளில் தேடினார். கிடைக்காததற்கு இரவு மெயிலில் ஏறி சென்னை புதுப்பேட்டை. ஒருமுறை கதவுக் கைப்பிடி ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி, நகை மாதிரி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

அண்ணனின் மூச்சு

இனி பெயிண்ட். இங்கேதான் அண்ணன் வருகிறார்.

இருபது வருடத்துக்குமேல் ஸ்பிரே கன் பிடித்த கை அது. ஆரம்பத்தில் எல்லாப் பட்டறையிலும் டியூகோ என்று சொல்லும் என்.சி. பெயிண்ட்தான். தின்னர் ஆவியாகிப் போனால் காய்ந்துவிடும். பிறகு ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்ட் வந்தது. ரப்பிங் இல்லாமலேயே கண்ணாடி மாதிரி மின்னும். வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. பட்டறை முதலாளிகளுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற சரக்கு இருக்கிறது. அது புகையாக மூச்சில் ஏறினால் சிலருக்கு ஆஸ்துமா வருகிறது. வந்துவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஸ்பிரே பெயிண்டர்களுக்கு வரும் தொழில் நோய்களில் இது முக்கியமானது என்று உலகம் முழுவதும் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

அண்ணனுக்குக் கிடைத்த பாதுகாப்பு, முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டை. கைக்குட்டை பெயிண்ட் தூசியை ஓரளவு தடுக்கலாம். இந்த ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த முகமூடியைக்கூட முழுவதும் நம்ப முடியாது. இதற்குத் தனி வாசனை தெரியாததால் கரி தீர்ந்துபோனாலும் தெரியாது. வெளியில் இருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடிதான் சரி. அது அந்தப் பட்டறையில் கிடையாது. ஐம்பது வயதுக்கு முன்பே அவர் வேலையை விட நேர்ந்தது. இப்போது மாடிப்படி ஏறினால் இரண்டு முறை நிற்கிறார். சட்டைப்பையில் இன்ஹேலர்.

"வீட்ல 2கே அடிக்கக் கூடாதுன்னு மொத நாளே முடிவு பண்ணிட்டேன்" என்கிறார் தம்பி. "அண்ணன் இருக்கிற எடத்துல அந்த டப்பாவையே தெறக்க மாட்டேன். அவர் இல்லாட்டியும் தெறக்க மாட்டேன். பக்கத்து வீட்ல கொழந்தைங்க இருக்கு."

ஆகவே பழைய டியூகோ. வண்டி பிறந்தபோது இருந்த பழக்கமும் அதுதானே. வேலை அதிகம். தின்னர் வாடை இதிலும் உண்டு. தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. தின்னர் ஆவி கனமானது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். எனவே கம்ப்ரஸரும் மோட்டாரும் சுவருக்கு வெளியே. ஸ்பிரே அடிக்கிற நாளில் அடுப்பு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. கரி முகமூடி கட்டாயம். தெருவில் துணி காயப்போட்டிருந்தால் அன்றைக்கு வேலையே கிடையாது. அண்ணன் தெருமுனை டீக்கடைக்கு அனுப்பப்படுவார்.

ஆனால் அவர் போனால்தானே! காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் முப்பதடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் போன அன்று அங்கிருந்தே குரல் வந்தது.

"டேய், கையை வளைக்காத! நேரா இழு. ஒரு சாண் தூரம் வை. போன தடத்துல பாதிமேல ஏறி வரணும்."

முப்பதடிக்கு அப்பால் இருந்து, கன்னில் இருந்து வரும் சத்தத்தைக் கேட்டே காற்று அழுத்தம் குறைந்துவிட்டது என்று சொன்னார். தம்பி போய்ப் பார்த்தார். குறைந்துதான் இருந்தது.

அடிப்பதற்கு முன்னால் தேய்ப்பதுதான் வாரக்கணக்கில் நடந்தது. பிரைமர், அதன்மேல் சர்பேசர், அதன்மேல் மெல்லிசாகக் கறுப்பு பெயிண்டைத் தூவிவிட்டு, கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் நிற்கும். கறுப்பு எங்கேயும் நிற்காத வரைக்கும் தேய்க்க வேண்டும். இந்த வேலைக்கு அண்ணனை யாரும் விலக்க முடியாது. ஈரத் தேய்ப்பில் தூசி பறக்காது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி, "இங்க ஒரு பள்ளம்" என்பார். கறுப்பு தூவினால் அங்கே நிற்கும்.

பால் போல் வெளுத்த பானெட்

போன அக்டோபரில் தம்பிக்கு அவசரம். தீபாவளிக்கு வண்டி தெருவில் ஓட வேண்டும் என்று ஆசை. மழை விட்ட ஒரு காலையில், அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது பானெட்டுக்கு அடித்துவிட்டார். அரை மணியில் வெளிர் நீலம் முழுவதும் பால் கொட்டியதுபோல் வெளுத்துப்போயிற்று. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது பனித்துளியாக அதன்மேல் படியும். அதுதான் வெளுப்பு. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் கலந்து அடித்தால் சில சமயம் தெளிந்துவிடும். இது தெளியவில்லை.

அண்ணன் வந்து பார்த்தார். திட்டவில்லை. "தை மாசம் வரட்டும்" என்று மட்டும் சொல்லி, வாட்டர் பேப்பரை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார்.

பொங்கல் கழிந்து வெயில் காய்ந்த நாட்களில் மறுபடியும் அடித்தார்கள். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, மெல்லிசு மெல்லிசாக எட்டுக் கோட்டிங். சில வாரம் ஆறப்போட்டு, பிறகு நைஸ் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட், மெழுகு. இப்போது பானெட்டில் கொட்டகையின் ஓட்டை ஓட்டையான கூரை தெரிகிறது. 2கே பெயிண்டின் கண்ணாடிப் பளபளப்பு இல்லைதான். கொஞ்சம் ஆழமான, அமைதியான பளபளப்பு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

கூரை எங்கே?

இனி சட்டம். 50 வருடம் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஆபீசுக்கு ஓட்டிப்போக முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்கு மட்டும். முக்கியமான நிபந்தனை இன்னொன்று: வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சட்டத்தையோ உடம்பையோ என்ஜினையோ மாற்றியிருக்கக் கூடாது.

பழைய ஆர்.சி. புத்தகத்தில் இந்த வண்டி கூரை உள்ள சலூன். தொழிற்சாலையே போல்ட் போட்டுக் கொடுத்த கூரையைக் கழற்றினால் அது மாற்றமா, இல்லையா? நண்பரும் நானும் ஒரு மாலை முழுவதும் இதைப் பேசினோம். ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்காமல் தீராது என்று விட்டுவிட்டோம்.

நல்லவேளையாக, வண்டியை விற்றவரின் வீட்டு மொட்டைமாடியில் கோழிகளுக்கு நிழலாக அந்த அசல் கூரை கிடந்தது. அதையும் கொண்டுவந்து, துரு எடுத்து, அதே வெளிர் நீலத்தில் அடித்து, கொட்டகைக் கூரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முதலில் அதை முடுக்கி, சலூனாகவே ஆர்.டி.ஓ.விடம் கொண்டுபோய்க் காட்டி, கேட்டுவிட்டுத்தான் கழற்றுவது என்பது தம்பியின் முடிவு. கித்தான் கூரைக்கு சிவாஜிநகர் தையல்காரர் ஒருவர் அளவு எடுத்துப் போயிருக்கிறார்.

அண்ணனுக்குக் கித்தானில் அக்கறை இல்லை. "தெறந்தே இருக்கட்டும்டா, காத்து வரும்" என்கிறார். முன் சீட்டுக்கு இன்னும் ரெக்சின் தைக்கவில்லை. இப்போதைக்கு டீசல் ஷெட்டில் இருந்து வந்த ஒரு மரப்பெட்டி அங்கே கிடக்கிறது. சாயங்காலத்தில் அவர் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.