மூளையும் சம்மதமும்

குன்னூர்ப் பாஸ்டர் ஸ்தாபனத்தின் பெயரைக் கேளாத தமிழர் மிகச் சிலரே. 1907-ல் நிறுவப்பெற்ற அந்த ஸ்தாபனம், வெறிநாய்க்கடிக்கு ஆளான எண்ணற்ற ஜனங்களை யமன் வாயினின்று மீட்டது. நெடுங்காலம் அதற்குப் பயன்பட்ட மருந்து யாது? வெறிநோய்க் கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையிலிருந்து செய்த தடுப்பு மருந்தே. 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற டாக்டர் வகுத்த முறை அது.

அம்மருந்தில் ஒரு கேடும் மறைந்திருந்தது. ஆட்டு மூளையின் நரம்புப் பொருள் உட்சென்றதும், சிலருடைய நோயெதிர்ப்புச் சக்தி தம் சொந்த மூளையையும் நரம்பையுமே பகையென்று தாக்கியது. கைகால் முடங்கினோரும் உண்டு, மாண்டோரும் உண்டு. இம்மருந்தைக் கைவிடுமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 1984-லேயே வற்புறுத்தியது. இந்தியா கைவிட்டதோ 2004-ல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பணம் படைத்தோர் அபாயம் குறைந்த புதிய மருந்தை விலைக்கு வாங்கினர். ஏழைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பழைய ஊசியே கிட்டியது. அவனும் சம்மதித்தான் என்பீர்களா? ஒரு புறம் மரணம், மறுபுறம் ஊசி. வேறு வழியற்றவன் தலையசைப்பது சம்மதம் ஆகுமா?

இக்கேள்வி இன்று புது உருவில் வந்திருக்கிறது. மூளைக்குள் மின்கம்பிகளைப் பதித்து முடவரை இயக்க முயல்கின்றனர் விஞ்ஞானிகள். நெற்றியில் கட்டிய பட்டையே மூளையின் மின்னலைகளை அளந்து களைப்பைக் கூறுகிறது. நற்பயன்களை நாம் மறுக்கவில்லை. ஆனால், நாளை மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் லாரி ஓட்டுபவனிடம், "பட்டையைக் கட்டு, இல்லையேல் வேலையில்லை" என்று முதலாளி கூறினால், அவன் என் செய்வான்?

ஒருவரின் சம்மதமின்றி அவரது மூளையின் மின்னலைகளைச் சோதித்துக் குற்றம் துருவுவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2010-ல், செல்வி வழக்கில், நமது சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. போலீஸுக்கு இட்ட அந்த வரம்பு முதலாளிக்கும் வியாபாரிக்கும் வேண்டாமா? சிலி தேசம் 2021-ல் மூளையின் இயக்கத்துக்கும் அதன் தகவலுக்கும் அரசியல் சட்டத்திலேயே காப்பளித்தது. நமது 2023-ம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலோ மூளைத் தகவலுக்கெனத் தனிக் காப்பு எதுவும் இல்லை.

சட்டம் செய்வோர் மூன்றை உறுதி செய்யவேண்டும். அபாயத்தைத் தாய்மொழியில் விளக்க வேண்டும். மறுப்பவன் பிழைப்பை இழக்கலாகாது. அளந்தெடுத்த தகவல் அவனுக்கே உரியதாகவேண்டும். மருந்து விஷயத்தில் இருபது ஆண்டுகள் தாமதித்தோம்; அதன் விலையை ஏழைகளே கொடுத்தனர். மீண்டும் அவர்களையே கொடுக்கச் செய்வது தர்மமாகாது.