மழைக்குப் பின் கண்மாயில் துள்ளும் விரால்... மீன் ஏறுவது ஏன்? தூண்டில் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருக்கிறது ஆமத்தூர். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் ஒரு ராத்திரி நல்ல மழை பெய்துவிட்டால், விடிந்ததும் முதல் கேள்வி, ‘கண்மாய்க்குத் தண்ணி வந்துருச்சா?’ அடுத்த கேள்வி, ‘மீன் ஏறுதா?’

இது வானம் பார்த்த கரிசல் பூமி. அர்ச்சுனா நதியும் சுற்றியுள்ள ஓடைகளும் மழைக்காலத்தில்தான் உயிர் பெறும். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும் நேரமும் ஏறக்குறைய இதுதான். வேலைக்கு லீவு, கண்மாயில் தண்ணி. அப்புறம் என்ன, தூண்டிலும் வலையுமாகக் கரையில் கூட்டம் சேர்ந்துவிடும்.

ஆனால், மழை பெய்ததும் மீன் ஏன் ஏறுகிறது? அதை அப்போதே பிடித்தால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

‘மீன் ஏறுது’ என்றால் என்ன?

கண்மாய்க்குள் புதுத் தண்ணீர் வந்ததும், மீன்கள் அந்த நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத் தொடங்கும். வரத்துக் கால்வாய், ஓடை, தண்ணீர் நிற்கும் வயல் என ஆழம் குறைந்த இடங்களைத் தேடிப் போகும். மறுகால் பாயும் இடத்திலும் மீன்கள் துள்ளி ஏறுவதைப் பார்க்கலாம். இதைத்தான் ஊர்ப்பக்கம் ‘ஏத்துமீன்’ என்கிறார்கள்.

இது இரை தேடும் பயணம் மட்டுமல்ல. முட்டையிட இடம் தேடும் பயணமும்கூட. புதுத் தண்ணீரின் ஓட்டமும் குளிர்ச்சியும்தான் பல நாட்டு மீன்களுக்கு இனப்பெருக்கத்துக்கான சிக்னல். முழங்கால் அளவு தண்ணீரில் பெரிய மீன்கள் அவ்வளவாக வராது. புல்லும் பூச்சியும் நிறைய இருக்கும். குஞ்சு பிழைக்க அதுதான் வசதி. அதாவது, மழை விட்ட மறுநாள் கால்வாயில் சிக்கும் மீன்களில் பல, வயிற்றில் சினையோடு இருப்பவை.

விரால் ஏன் ஸ்பெஷல்?

அமெரிக்காவில் தூண்டில்காரர்களுக்கு ‘பாஸ்’ மீன் என்றால், நம்ம ஊரில் விரால். இரண்டும் வேறு வேறு இனம்தான். ஆனால் குணம் ஒன்று. பாசி, செடிக்குள் பதுங்கியிருந்து, இரை பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். அங்கே பாஸ் மீனுக்குப் போடும் ரப்பர் தவளையைத்தான் இங்கே இளைஞர்கள் விராலுக்குப் போடுகிறார்கள். தெலங்கானாவில் விரால்தான் மாநில மீன்.

விராலுக்கு செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து தாக்குப்பிடிக்கிறது. கோடையில் காய்ந்து கிடந்த கண்மாயில், மழைக்குப் பின் ‘எங்கிருந்து வந்தது இந்த மீன்?’ என்று ஆச்சரியப்பட ஒரு காரணம் இதுவே.

எப்போது கடிக்கும்?

மழை பெய்த உடனே தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடக்கும். விரால் பெரும்பாலும் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். கலங்கலில் அதற்கு இரை சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில் மீசையால் தடவி இரை தேடும் கெளுத்திக்குத்தான் கொண்டாட்டம். மண்புழு போட்டால் உடனே கடிக்கும்.

கலங்கல் தெளியத் தொடங்கியதும் விரால் வெளியே வரும். கலங்கல் தண்ணியும் தெளிந்த தண்ணியும் சந்திக்கும் இடம், செடி மூழ்கிய கரையோரம், கால்வாய் வந்து விழும் வாய்... இங்கெல்லாம் பதுங்கி நிற்கும். அடித்து வரும் பூச்சி, தவளை, பொடிமீன் அங்கேதானே சேரும்?

சிவப்பாக மிதக்கும் குஞ்சுக் கூட்டம்

கரையோரத்தில் தண்ணீருக்கு மேலே செந்நிறமாகப் பொடிமீன் கூட்டம் கொப்பளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை விரால் குஞ்சுகள். அதற்குக் கீழேயே பெற்ற மீன் காவலுக்கு நிற்கும். பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும்.

இது தெரிந்துதான் சிலர் குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவிலேயே தூண்டிலை வீசுகிறார்கள். பெரிய மீன் சட்டென்று சிக்கிவிடும். ஆனால் காவல் போனதும் குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் காலி செய்துவிடும். ஒரு வேளைக் குழம்புக்காக, அடுத்த கோடையில் ஊருக்கே கிடைக்க வேண்டிய மீன் போய்விடுகிறது.

ஊர்க் கட்டுப்பாடு சொல்வது என்ன?

கடலில் மீன் இனப்பெருக்கத்துக்காகத் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பது எல்லோருக்கும் தெரியும். கண்மாய்க்கு அந்த வேலையைச் செய்தது ஊர்க் கட்டுப்பாடு. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் பல ஊர்களில் மழைக்காலம் முழுக்க மீனைத் தொடமாட்டார்கள். அறுவடை முடிந்து, கோடையில் தண்ணீர் வற்றிய பிறகுதான் மீன்பிடித் திருவிழா. வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலையோடு ஊரே இறங்கும்.

கேரளாவில் புதுமழைக்கு ஏறிவரும் மீனைப் பிடிப்பதற்கு ‘ஊத்த பிடுத்தம்’ என்று பெயர். அங்கே 2010-ம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் அது குற்றம்.

யார் வேண்டுமானாலும் பிடிக்கலாமா?

முடியாது. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. பல கண்மாய்களில் மீன் பிடிக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்படும். குத்தகைக்காரர் காசு போட்டு கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை விட்டிருப்பார். அனுமதி கேட்காமல் பிடித்தால் பிரச்சினைதான்.

வெடி வைத்தோ, விஷம் கலந்தோ மீன் பிடிப்பது 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றம். வெடிமருந்து புழங்கும் வட்டாரம் என்பதால் இதை இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. வெடிச் சத்தத்தின் அதிர்ச்சியில் முட்டை, குஞ்சு, தவளை எதுவும் மிஞ்சாது. வைக்கிறவர் கையும் மிஞ்சாமல் போகலாம்.

இறங்கும் முன் கவனிங்க!

* வண்டல், கரம்பை மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். கோடையில் நடந்து போன இடம்தானே என்று இறங்க வேண்டாம்.
* மூழ்கிய சீமைக்கருவேல முள்ளில் காலும் வலையும் மாட்டும்.
* மடை, மறுகால் பக்கம் இழுப்பு அதிகம். சிறுவர்களைத் தனியாக விடக் கூடாது.
* இடி இடித்தால் கரையை விட்டு வந்துவிடுங்கள். கையில் இருக்கும் நீளத் தூண்டிலும் ஆபத்து.
* முதல் மழையில் சாக்கடையும் குப்பையும் அடித்து வந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். அதை எடுத்துச் சமைக்காதீங்க.

அப்போ என்னதான் செய்யலாம்?

குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு, கலங்கல் தெளிந்த பிறகு தூண்டில் போடலாம். கால்வாயை மறித்து வலை கட்ட வேண்டாம். சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் நாலு எட்டு தள்ளிப் போங்க. வயிறு உப்பிய சினை மீன் சிக்கினால், கையை நனைத்துப் பிடித்து, முள்ளைக் கழற்றி, மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிடுங்க. கண்மாயில் தண்ணி இருக்கும்வரை அந்த மீன் எங்கேயும் போய்விடாது. சித்திரையில் தண்ணி வற்றும்போது குஞ்சு குட்டியோடு அங்கேயேதான் இருக்கும்.